ஷார்ப்னெஸ் ஏற்ற ஏற்றப் படம் மணல் மாதிரி ஆகிறது, எந்த எண்ணில் நிறுத்துவது?

மழைத்தும்பி:
வணக்கம். கிளையில் உட்கார்ந்திருக்கும் ஒரு மீன்கொத்தி. ரா கோப்பு (கேமரா பதப்படுத்தாத அசல்), 24 மெகாபிக்சல் கிராப் சென்சார், 400 மிமீ லென்ஸ். லைட்ரூமில் திறந்தவுடனேயே படம் கொஞ்சம் சாஃப்டாகத்தான் இருக்கிறது. ஷார்ப்பனிங் அமவுண்ட் தானாக 40-இல் நிற்கிறது, அதை 110 வரை தள்ளினால் இறகு முழுக்க மணல் தூவிய மாதிரி ஆகிவிடுகிறது, பின்னால் இருக்கும் வெறும் வானத்தில்கூடப் புள்ளி புள்ளியாக ஏதோ கிளம்புகிறது, முதுகை ஒட்டி ஒரு வெள்ளைக் கோடு வேறு. சரி என்று 60-க்கு இறக்கினால் என் திரையில் பரவாயில்லை, ஆனால் 2048 பிக்சலுக்குச் சுருக்கி வலையில் ஏற்றியதும் மறுபடி மழுங்கிப் போகிறது. காணொளி போடுகிறவர்கள் ஆளுக்கு ஒரு எண் சொல்கிறார்கள். ஒருவர் ரேடியஸ் 0.5 என்கிறார், இன்னொருவர் 3 என்கிறார், மூன்றாமவர் லைட்ரூமையே தொடாதே, போட்டோஷாப்பில் ஹை பாஸ் போடு என்கிறார். எதை நம்புவது? உங்களில் யாராவது ஒரே ஒரு நல்ல செட்டிங் கொடுத்தால் போதும்.

முக்காலி:
எண் அப்புறம். ஷட்டர், அபெர்ச்சர், ஐஎஸ்ஓ மூன்றையும் சொல்லுங்கள். அதோடு கண்ணை 100 சதவீதத்தில் வைத்து, கண்ணுக்குள் விழுந்திருக்கும் வெளிச்சப் புள்ளியைப் பாருங்கள். அது உருண்டையாக இருக்கிறதா, ஒரு பக்கமாக இழுபட்டிருக்கிறதா? கண்ணுக்கு முன்னாலோ பின்னாலோ வேறு எதாவது, ஒரு இலை நுனி, கிளையின் பட்டை, கண்ணைவிடத் தெளிவாக இருக்கிறதா?

மழைத்தும்பி:
1/1000, எஃப் 11, ஐஎஸ்ஓ 1600. புள்ளி உருண்டைதான். கிளையும் கண்ணும் ஒரே அளவுக்குத்தான் இருக்கின்றன, இரண்டும் லேசாக மழுங்கல்.

முக்காலி:
அப்படியானால் தப்பித்தீர்கள். புள்ளி கோடாக இழுபட்டிருந்தால் கை நடுக்கம், அல்லது பறவை அசைந்திருக்கிறது. கிளை தெளிவாக இருந்து கண் மங்கியிருந்தால் ஃபோகஸ் வேறு இடத்தில் விழுந்திருக்கிறது. அந்த இரண்டுக்கும் ஷார்ப்பன் ஸ்லைடர் மருந்தே இல்லை, சின்னதாகக் காட்டினால் தப்பிக்கலாம், அவ்வளவுதான். உங்களுடையது படம் முழுக்கச் சீரான மழுங்கல். இதில் பாதி எல்லா டிஜிட்டல் படத்திலும் இருப்பது. சென்சாரில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றைத்தான் அளக்கிறது, மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளை வைத்து மென்பொருள் கணித்துப் போடுகிறது, அந்தக் கணிப்பில் ஓரங்கள் கொஞ்சம் கரைந்துவிடும். லைட்ரூம் ரா கோப்புக்கு 40 என்று வைத்துத் தொடங்குவதே இதை ஈடுகட்டத்தான். ஜேபெக் திறந்தால் அதே ஸ்லைடர் 0-இல் நிற்கும், ஏனென்றால் கேமராவே அந்த வேலையைச் செய்து முடித்திருக்கும்.

மீதிப் பாதி உங்கள் எஃப் 11. பச்சை ஒளிக்குக் கணக்குப் போட்டால் அந்த அபெர்ச்சரில் ஒரு ஒளிப்புள்ளி சென்சார்மேல் ஏறக்குறைய 15 மைக்ரான் அகலத்துக்குப் பரவும். உங்கள் சென்சாரில் ஒரு பிக்சல் 4 மைக்ரானுக்கும் சற்றுக் குறைவு. ஆக ஒரு புள்ளி கிட்டத்தட்ட நான்கு பிக்சலுக்கு வழிகிறது. சின்னத் துளை வழியே வரும் ஒளி இப்படிப் பரவுவதற்குப் பெயர் டிஃப்ராக்‌ஷன். எஃப் 22-க்குப் போனால் இது அப்படியே இரட்டிப்பு. நல்ல செய்தி என்னவென்றால் இந்த வகை மழுங்கல் ஒழுங்கானது, எந்த அளவுக்குப் பரவியது என்று தெரியும், அதனால் பெருமளவு திருப்பி எடுக்கலாம்.

சும்மா_பார்க்கிறேன்:
அவர் கேட்டது ஒரு எண். நீங்கள் இயற்பியல் வகுப்பு எடுக்கிறீர்கள் 😄

இருட்டறை:
வகுப்பு வேண்டாம் என்றால் எண்ணை வைத்தே பேசுவோம். ஷார்ப்பன் என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு முறை கையால் போட்டுப் பார்த்தவர்கள் அப்புறம் யாரிடமும் செட்டிங் கேட்பதில்லை.

ஒரு வரிசையில் ஆறு பிக்சல். இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம்:
50, 50, 50, 200, 200, 200.
ஒவ்வொன்றையும் அதன் இரு பக்கத்து எண்களோடு சேர்த்துச் சராசரி எடுத்தால் மங்கலான நகல் கிடைக்கும்:
50, 50, 100, 150, 200, 200.
அசலிலிருந்து இந்த மங்கலைக் கழியுங்கள்:
0, 0, −50, +50, 0, 0.
பார்த்தீர்களா, சமதளத்தில் ஒன்றும் இல்லை, ஓரத்தில் மட்டும் ஏதோ மிஞ்சுகிறது. மிஞ்சியதை அசலோடு கூட்டினால்:
50, 50, 0, 250, 200, 200.

அன்ஷார்ப் மாஸ்க் என்ற ஷார்ப்பன் முறை முழுக்க இவ்வளவுதான். ஓரத்தின் இருண்ட பக்கம் இன்னும் இருண்டது, வெளிச்சப் பக்கம் இன்னும் வெளுத்தது. புதிதாக ஒரு இறகு இழைகூட முளைக்கவில்லை. அமவுண்ட் என்பது மிஞ்சியதை எத்தனை மடங்காகக் கூட்டுகிறோம் என்பது; இங்கே 100 சதவீதம், 50 வைத்தால் 25-உம் 225-உம் வரும். ரேடியஸ் என்பது மங்கல் எவ்வளவு தூரம் பரவுகிறது என்பது, ஆகவே கோடு எவ்வளவு தடிமன் என்பது. த்ரெஷோல்ட் என்பது இந்த அளவுக்குக் கீழே உள்ள வித்தியாசத்தை விட்டுவிடு என்று சொல்வது. உங்கள் வானத்தில் 118, 121, 119 என்று லேசாக ஆடும் நாய்ஸ் இருக்கிறதே, அதுவும் கழித்தலுக்குப் பிறகு மிஞ்சும், அமவுண்ட் ஏற்ற ஏற்ற அதுவும் பெருகும். புள்ளி கிளம்புவது அதனால்தான். முதுகில் தெரியும் வெள்ளைக் கோடு மேலே உள்ள அந்த 250.

இது கணினிக்காரர்கள் கண்டுபிடித்ததும் அல்ல. நெகட்டிவிலிருந்து சற்று மங்கலான பாசிட்டிவ் ஒன்றை எடுத்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அச்சிடுவோம். பெரிய ஒளி வேறுபாடுகள் ஒன்றையொன்று அடக்கிவிடும், நுண்ணியவை தலைதூக்கும். ஆங்கிலோ-ஆஸ்திரேலிய வானாய்வகத்தில் டேவிட் மாலின் இந்த முறையை வைத்துத்தான் வானியல் தகடுகளின் அடர்ந்த பகுதிகளுக்குள் புதைந்து கிடந்த நுண்விவரங்களை வெளியே கொண்டுவந்தார். நம் கண்ணும் இதே தந்திரத்தைச் செய்கிறது. அடுத்தடுத்த சாம்பல் பட்டைகளின் எல்லையில் இல்லாத கோடு ஒன்று தெரிவதை இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் 1865-இலேயே எழுதிவைத்தார். ஓரத்தில் வேறுபாடு கூடினால் கண் அதைத் தெளிவு என்று எடுத்துக்கொள்கிறது.

மழைத்தும்பி:
அந்த ஆறு எண்ணை நானும் தாளில் போட்டுப் பார்த்தேன். வெள்ளைக் கோடு எங்கிருந்து வருகிறது என்று இப்போதுதான் புரிகிறது. ஆனால் லைட்ரூமில் த்ரெஷோல்டே இல்லையே? அமவுண்ட், ரேடியஸ், டீட்டெயில், மாஸ்கிங் என்று நான்கு இருக்கிறது.

முக்காலி:
த்ரெஷோல்ட் செய்யும் வேலையை அங்கே மாஸ்கிங் செய்கிறது, இன்னும் ஒழுங்காக. ஆல்ட் விசையை (மேக்கில் ஆப்ஷன்) அழுத்திக்கொண்டே மாஸ்கிங்கை இழுங்கள், படம் கறுப்பு வெள்ளை ஆகும். வெள்ளையாக இருக்கும் இடத்தில் மட்டும் ஷார்ப்பனிங் விழும், கறுப்பில் விழாது. உங்கள் படத்தில் 0-இல் முழுக்க வெள்ளையாக இருக்கும், 40 தாண்டும்போது வானம் கறுக்கத் தொடங்கும், 60–70 வாக்கில் வானம் முழுக்கக் கறுத்து இறகு, அலகு, கிளை மட்டும் வெள்ளையில் நிற்கும். அங்கே நிறுத்துங்கள். இந்த எண் படத்துக்குப் படம் மாறும் என்பதால்தான் காணொளிக்காரர்கள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

ஆல்ட் மற்ற மூன்றுக்கும் வேலை செய்யும். ரேடியஸை ஆல்ட்டோடு இழுத்தால் சாம்பல் நிறத்தில் கோடுகள் மட்டும் தெரியும், இறகின் இழைகள் தனித்தனியாகத் தெரிகிற இடம் சரி, இழைகள் சேர்ந்து தடித்த பட்டையாகிவிட்டால் அதிகம். இறகு, முடி, துணி இழை போன்றவற்றுக்கு 0.7–1.0; பெரிய பரப்புகள், கட்டடம், முகம் என்றால் 1.2–1.5. 3 என்று சொன்னவர் எதற்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

டீட்டெயில்தான் பலருக்குக் குழப்பம். கீழே வைத்தால் ஹேலோவை, அதாவது ஓரத்தில் வரும் அந்த வெள்ளைக் கோட்டை, அடக்கி மென்மையாகப் போகும், மேலே போகப் போக அன்ஷார்ப் மாஸ்க் வழியை விட்டு டீகன்வல்யூஷன் வழிக்கு மாறுகிறது, அதாவது பரவிய ஒளியைத் திருப்பிச் சேர்க்கப் பார்க்கிறது. டிஃப்ராக்‌ஷன் மழுங்கலுக்கு அதுதான் வேண்டும். ஆனால் நாய்ஸையும் விவரம் என்று நினைத்து இழுக்கும். ஐஎஸ்ஓ 1600 என்பதால் நாய்ஸை முதலில் கவனித்துவிட்டு அப்புறம் டீட்டெயிலை 50–60 வரை கொண்டுபோய்ப் பாருங்கள், அமவுண்ட் 70 தாண்ட வேண்டியிருக்காது.

லேயர்_லிங்கம்:
இவ்வளவு சுற்றி வளைப்பானேன். போட்டோஷாப்பில் லேயரை நகல் எடு, ஹை பாஸ் ஃபில்டர் 1.5 முதல் 2 பிக்சல், பிளெண்ட் மோடு ஓவர்லே, கறுப்பு மாஸ்க் போட்டு வேண்டிய இடத்தில் வெள்ளைத் தூரிகை. முடிந்தது. அதிகமானால் ஒபாசிட்டியை இறக்கு. நான் எல்லாப் படத்துக்கும் இதைத்தான் செய்கிறேன், அன்ஷார்ப் மாஸ்க்கைத் தொடுவதே இல்லை, அது பழைய காலத்து முரட்டுக் கருவி.

இருட்டறை:
லிங்கம், உங்கள் ஹை பாஸும் நான் போட்ட அதே கழித்தல்தான். அசலில் மங்கலைக் கழித்து, நடுச்சாம்பலைக் கூட்டிக் காட்டுகிறது. அதை ஓவர்லேக்குப் பதில் லீனியர் லைட்டில் வைத்து ஒபாசிட்டியை 50 ஆக்கிப் பாருங்கள், அதே ரேடியஸில் 100 சதவீத அன்ஷார்ப் மாஸ்க்கோடு ஒட்டிப்போகும். முரட்டுக் கருவியைத்தான் வேறு சட்டை போட்டு வைத்திருக்கிறீர்கள்.

லேயர்_லிங்கம்:
லீனியர் லைட்டில் யார் வைக்கச் சொன்னது, நான் ஓவர்லேயில் வைக்கிறேன்.

இருட்டறை:
அங்கேதான் உங்கள் முறைக்கு உண்மையான ஒரு லாபம் இருக்கிறது. ஓவர்லே நடுத்தர வெளிச்சத்தில் பலமாகவும் கறுப்புக்கும் வெள்ளைக்கும் அருகில் மென்மையாகவும் விழும், அதனால் ஏற்கெனவே வெளுத்த ஓரம் எரிந்துபோகாது. சாஃப்ட் லைட் இன்னும் அடக்கம். லேயராக இருப்பதால் பிறகு குறைக்கலாம் என்பது தனி லாபமில்லை; படத்தை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கிவிட்டால் அன்ஷார்ப் மாஸ்க்கையும் எப்போது வேண்டுமானாலும் திறந்து மாற்றலாம்.

லேயர்_லிங்கம்:
சரி, சாஃப்ட் லைட் விஷயத்தில் சண்டை இல்லை. ஆனால் ஒன்று: ஹை பாஸில் அந்தச் சாம்பல் படத்தைக் கண்ணால் பார்த்து ரேடியஸ் முடிவு செய்ய முடிகிறது, புதிதாக வருகிறவர்களுக்கு அதுதான் எளிது. ஓரங்களில் நிறம் தெரியத் தொடங்கினால் அதிகம் என்று அர்த்தம். அந்த நிறத்தையும் டீசாச்சுரேட் செய்து எடுத்துவிடுவேன்.

கிம்ப்_பிரியன்:
எல்லோரும் அடோபி வைத்திருப்பதாகவே பேசுகிறீர்கள். டிஃப்ராக்‌ஷன் என்று தெரிந்த பிறகு இந்த ஆளுக்கு வேண்டியது டீகன்வல்யூஷன். அது ராதெரப்பி என்ற ரா செயலியில் இலவசமாகக் கிடைக்கிறது. 2020-இல் வந்த 5.8 பதிப்பிலிருந்து ரா பகுதியில் கேப்சர் ஷார்ப்பனிங் என்று ஒன்று இருக்கிறது, டிக் போட்டால் ரேடியஸை அதுவே படத்திலிருந்து கணக்கிட்டு எடுத்துக்கொள்ளும், நாய்ஸ் மட்டும் உள்ள சமதளங்களை விட்டுவிட கான்ட்ராஸ்ட் த்ரெஷோல்டையும் அதுவே வைக்கும். மீன்கொத்திப் படத்தை அப்படியே அதில் திறந்து, எதையும் தொடாமல், அந்த ஒரு டிக் மட்டும் போட்டுப் பாருங்கள்.

உள்ளே ஓடுவது ரிச்சர்ட்சன்-லூசி முறை, ரிச்சர்ட்சன் 1972-இலும் லூசி 1974-இலும் தனித்தனியாக எழுதியது. இப்படி இருந்திருக்கலாம் என்று ஒரு படத்தை ஊகித்து, அதை லென்ஸ் மங்கலாக்கும் அளவுக்கே மங்கலாக்கி, கையில் இருக்கும் படத்தோடு ஒப்பிட்டு, எங்கே பொருந்தவில்லையோ அங்கே திருத்தி, மறுபடி மறுபடி அதையே செய்வது. ஹப்பிள் தொலைநோக்கி 1990-இல் மேலே போனதும் கண்ணாடியை உரசியதில் பிழை இருப்பது தெரியவந்ததே, 1993-இல் விண்வெளி வீரர்கள் போய்த் திருத்தும் வரை படங்களை மீட்க இதுவும் கைகொடுத்தது. சுற்றுகள் கூடினால் நாய்ஸ் புழுப்புழுவாக நெளியத் தொடங்கும், அதுதான் நிறுத்த வேண்டிய அடையாளம்.

டார்க்டேபிளில் 3.8 பதிப்பிலிருந்து டிஃப்யூஸ் ஆர் ஷார்ப்பன் இருக்கிறது, லென்ஸ் மழுங்கலுக்கு ஆயத்தமாகவே முன்னமைவுகள் உண்டு, என்ன, பழைய கணினி திணறிப்போகும். கிம்ப்பில் 2.10 முதல் வேவ்லெட் டீகம்போஸ் இருக்கிறது. படத்தை நுணுக்கமான விவரத்திலிருந்து பெரிய வடிவம் வரை தனித்தனி லேயராகப் பிரித்துக் கொடுக்கும். நாய்ஸ் முதல் லேயரிலேயே மாட்டிக்கொள்ளும், இறகு இழை இரண்டாவதிலும் மூன்றாவதிலும் இருக்கும், ஆக இரண்டாவதை மட்டும் நகல் எடுத்தால் மணல் வராமல் இழை மட்டும் எழும்பும். என்னைக் கேட்டால் ஹை பாஸைவிட இது மேல்.

குறைஒளி:
நான் எடுப்பதெல்லாம் மனிதர்கள், பெரும்பாலும் வெளிச்சம் போதாத அரங்குகளில், ஐஎஸ்ஓ 6400-க்குக் கீழே இறங்குவதே அபூர்வம். நாய்ஸ் முன்னா ஷார்ப்பன் முன்னா என்று வருகிற சண்டைக்கு என் பதில்: ரா செயலிக்குள் ஸ்லைடரை எந்த வரிசையில் தொட்டாலும் அது தன் வரிசையில்தான் கணக்குப் போடும், கவலை வேண்டாம். போட்டோஷாப்பில் தனித்தனி ஃபில்டராகப் போடும்போது மட்டும் நாய்ஸ் குறைப்பு முன்னால் வர வேண்டும். ஷார்ப்பன் செய்த நாய்ஸை அப்புறம் குறைக்கப் போனால் இறகும் சேர்ந்து கரையும்.

முகத்துக்கு ஒரே ஷார்ப்பனை மொத்தமாகப் போடவே கூடாது. இமை, புருவம், கருவிழியின் வெளிவட்டம், உதட்டு ஓரம், முடி, இவ்வளவுதான். கன்னத்திலும் நெற்றியிலும் போட்டால் இல்லாத வயதை நாமே கூட்டிக் கொடுக்கிறோம். லைட்ரூமில் சருமத்துக்கு டெக்ஸ்சரை −10, −15 என்று கொஞ்சம் இறக்கிவிட்டு, கண்ணுக்குத் தனி மாஸ்க் போட்டு ஷார்ப்னெஸ் ஏற்றுவேன். கண்ணில்கூட வெள்ளைப் பகுதியை விட்டுவிடுங்கள், அங்கே போட்டால் ரத்தநாளங்கள்தான் எழும்பி நிற்கும். கிளாரிட்டியை ஷார்ப்னெஸ் என்று நினைத்து ஏற்றுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன், அது வேறு, பெரிய பரப்பில் வெளிச்ச வேறுபாட்டைக் கூட்டுவது.

இருட்டறை:
அந்தக் கிளாரிட்டி வேலையையும் அன்ஷார்ப் மாஸ்க்கே செய்யும். அமவுண்ட் 15–20, ரேடியஸ் 50, த்ரெஷோல்ட் 0. மூடுபனி விலகிய மாதிரி ஒரு எழுச்சி வரும். போட்டோஷாப் நூல்கள் எழுதிய டான் மார்குலிஸ் இதற்குப் பெயரெல்லாம் வைத்திருக்கிறார். பறவைக்கு வேண்டாம், நிலக்காட்சிக்குப் போட்டுப் பாருங்கள்.

சும்மா_பார்க்கிறேன்:
இத்தனை பேர் இத்தனை பத்தி எழுதுகிறீர்கள், ஏஐ ஷார்ப்பன் கருவியில் போட்டால் ஒரே கிளிக். ஃபோகஸ் போனதைக்கூடச் சரி பண்ணிவிடுகிறது. இனிமேலும் ரேடியஸ், கீடியஸ் என்று யார் உட்கார்ந்திருப்பார்கள்?

குறைஒளி:
நானும் பயன்படுத்துகிறேன், இல்லை என்று சொல்லவில்லை. நல்ல ரா கோப்பில் லேசாகப் போட்டால் அருமையாக வருகிறது. ஆனால் ஒரு குழுப் படத்தில் பின்வரிசை முகங்கள் சின்னதாக, மங்கலாக இருந்தன, அதில் ஓட்டினேன். பின்வரிசையில் நின்ற பெண்மணிக்கு வேறு யாருடைய பற்களோ வந்துவிட்டன. முழுப் படத்தில் பார்த்தால் தெரியாது, பெரிதாக்கினால் அவரைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். பின்னால் இருந்த பதாகையில் எழுத்துகளும் எழுத்து போலவே ஒன்று ஆகியிருந்தன, எந்த மொழியும் இல்லை.

முக்காலி:
அதுதான் வித்தியாசம். அன்ஷார்ப் மாஸ்க் பொய் சொன்னாலும் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்துவிடும். இது சொல்லும் பொய் தெளிவான இறகாக வந்து நிற்கும், ஆயிரக்கணக்கான வேறு பறவைகளைப் பார்த்துப் பழகியதை வைத்து இங்கே இப்படி இருக்கலாம் என்று வரைகிறது. சுவரில் மாட்ட என்றால் உங்கள் விருப்பம். இனத்தை அடையாளம் காணவோ, செய்திக்கோ, போட்டிக்கோ என்றால் வேண்டாம், பெரிய போட்டிகளில் அசல் ரா கோப்பைக் கேட்டு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

சும்மா_பார்க்கிறேன்:
பற்கள் 😂😂 சரி, பெரிதாக்கிப் பார்த்துவிட்டே அனுப்புகிறேன்.

மழைத்தும்பி:
மாஸ்கிங் 65, டீட்டெயில் 55, ரேடியஸ் 0.8, அமவுண்ட் 65. வானம் சுத்தம், இறகு நன்றாக எழும்பிவிட்டது, ராதெரப்பியிலும் செய்து பார்த்தேன், அலகின் ஓரம் அங்கே இன்னும் இயல்பாக இருக்கிறது. ஆனால் 2048-க்குச் சுருக்கினால் மறுபடி அதே கதை. 100 சதவீதத்தில் பார்த்தபோது இருந்த கூர்மை எங்கே போகிறது?

முக்காலி:
6000 பிக்சல் அகலத்தை 2048 ஆக்கினால் ஏறக்குறைய மூன்று பிக்சல் சேர்ந்து ஒன்றாகிறது. நீங்கள் ஒரு பிக்சல் தடிமனில் போட்ட கோடு மூன்றில் ஒரு பிக்சலாகிச் சராசரியில் கரைந்துவிட்டது, வேறொன்றுமில்லை. அதனால் ஷார்ப்பனை ஒரே தடவையில் முடிக்கப் பார்க்கக் கூடாது. ஷார்ப்பனிங் பற்றியே நூல் எழுதிய புரூஸ் ஃப்ரேசர் இதை மூன்றாகப் பிரித்துச் சொன்னார், இன்றைக்கும் பலர் அந்த வழியில்தான் போகிறார்கள். முதலில் கேமராவும் லென்ஸும் மழுங்கடித்ததை மட்டும் ஈடுகட்டுவது, அது நீங்கள் இப்போது செய்தது. நடுவில் கண், அலகு என்று நாம் பார்க்கச் சொல்லும் இடத்துக்குக் கூடுதலாகக் கொடுப்பது. கடைசியில், எந்த அளவில் எதில் காட்டப் போகிறோமோ அந்த அளவுக்குச் சுருக்கிய பிறகு அதற்கென்று ஒன்று.

லைட்ரூமில் எக்ஸ்போர்ட் பெட்டியிலேயே அவுட்புட் ஷார்ப்பனிங் இருக்கிறது: திரை, மேட் தாள், கிளாஸி தாள் என்று மூன்று, குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று நிலை. திரை–நடுத்தரம் வைத்து ஏற்றுமதி செய்யுங்கள், பெரும்பாலும் போதும். கையால் செய்ய வேண்டுமானால் சுருக்கிய பிறகு அன்ஷார்ப் மாஸ்க் ரேடியஸ் 0.3–0.5, அமவுண்ட் 80–120, த்ரெஷோல்ட் 0–2. சுருக்கும்போது போட்டோஷாப்பில் பைக்யூபிக் ஷார்ப்பர் தேர்ந்திருந்தால் அதுவே கொஞ்சம் கூர்மை சேர்க்கும், மேலே ஏற்றும் அமவுண்டைப் பாதியாக்குங்கள். அப்புறம் நீங்கள் ஏற்றும் தளம் எந்த அகலத்தில் காட்டுகிறதோ அதே அகலத்தில் கொடுங்கள். பெரிதாகக் கொடுத்தால் அவர்கள் தங்கள் பங்குக்கு ஒருமுறை சுருக்குவார்கள், போட்டதெல்லாம் வீண்.

இன்னொன்று, நுண்ணடர்த்தித் திரை உள்ள மடிக்கணினியில் 100 சதவீதம் என்பது கண்ணுக்கு ரொம்பச் சின்னது. அங்கே ஷார்ப்பன் போதவில்லை என்று தோன்றிக்கொண்டே இருக்கும், கை ஏறிக்கொண்டே போகும். 200-இல் வைத்துப் பாருங்கள்.

கிம்ப்_பிரியன்:
லான்சோஸ் முறையில் சுருக்குபவர்களும் கவனிக்க, பலத்த ஓரங்களில் அதுவே லேசாக ஹேலோ போடும்.

குறைஒளி:
அச்சுக்கும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் கேட்பார். மை தாளில் ஊறிப் பரவும், மேட் தாளில் இன்னும் அதிகம். அதனால் திரையில் கொஞ்சம் கரடுமுரடாக, அடடா அதிகமாகிவிட்டதோ என்று தோன்றுகிற அளவுதான் தாளில் சரியாக வரும். தொடங்குவதற்கு ஒரு கணக்கு உண்டு: ஒரு அங்குலத்துக்கு எத்தனை பிக்சலோ அதை 200-ஆல் வகுத்தால் ரேடியஸ். 300 என்றால் 1.5, 200 என்றால் 1. முழுப் படத்தையும் அச்சிட்டுப் பார்க்காமல், கண் இருக்கும் பகுதியை மட்டும் அதே அளவில் வெட்டி, மூன்று வெவ்வேறு அமவுண்டில் ஒரே தாளில் அடித்துக் கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பாருங்கள்.

மழைத்தும்பி:
எக்ஸ்போர்ட்டில் திரை–நடுத்தரம் வைத்தேன், வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. ஒன்றே ஒன்று பாக்கி. வானத்துக்கு எதிரே முதுகு ஓரத்தில் அந்த வெள்ளைக் கோடு மெல்லியதாக இன்னும் இருக்கிறது. அமவுண்டைக் குறைத்தால் போகிறது, இறகும் சேர்ந்து போகிறது.

இருட்டறை:
வெள்ளைக் கோட்டைத்தான் கண் முதலில் பிடிக்கும், கறுப்புக் கோடு பெரும்பாலும் நிழல் என்று ஏமாற்றிவிடும். அதனால் இரண்டையும் ஒரே அளவில் வைக்க வேண்டியதில்லை. போட்டோஷாப்பில் லேயரை இரண்டு நகல் எடுங்கள், இரண்டுக்கும் ஒரே அன்ஷார்ப் மாஸ்க். ஒன்றின் பிளெண்ட் மோடு டார்க்கன், ஒபாசிட்டி 100. மற்றது லைட்டன், ஒபாசிட்டி 30–40. டார்க்கன் லேயர் இருண்ட பக்கத்தை மட்டும் கொடுக்கும், லைட்டன் லேயர் வெளுத்த பக்கத்தை மட்டும் கொடுக்கும், அதைத்தான் இறக்குகிறோம். முதல் பாடத்தின் எண்ணிலேயே சொன்னால் 0 அப்படியே இருக்கும், 250 மட்டும் 215, 220 ஆகும்.

சோம்பலாக இருந்தால் ஸ்மார்ட் ஷார்ப்பனைத் திறந்து, ரிமூவ் என்ற இடத்தில் லென்ஸ் பிளர் தேர்ந்து, கீழே ஹைலைட்ஸ் பகுதியில் ஃபேட் அமவுண்டை ஏற்றுங்கள். அப்படியே செய்யாது, வெளிச்சமான இடங்களில் ஷார்ப்பனை மொத்தமாகக் குறைக்கும், வானத்தை ஒட்டிய ஓரத்துக்கு அதுவே போதும்.

லேயர்_லிங்கம்:
பிளெண்ட் இஃப் இருக்கிறதே. ஷார்ப்பன் லேயரை இரட்டைக் கிளிக் செய்து, அடியில் உள்ள லேயருக்கான வெள்ளை முக்கோணத்தை ஆல்ட் அழுத்திப் பிளந்து இடப்பக்கம் இழுங்கள். வெளுத்த இடங்களிலிருந்து படிப்படியாக விலகிவிடும். மாஸ்க் வரையவே வேண்டாம்.

இருட்டறை:
இதில் லிங்கம் சொல்வதுதான் வேகமான வழி. வானம் நல்ல வெளிச்சமாக இருக்கும் வரை.

மழைத்தும்பி:
டார்க்கன், லைட்டன் முறையில் கோடு போய்விட்டது. இப்போது அதே இடத்தில் ஒரு மெல்லிய ஊதா தெரிகிறது, முன்னாலேயே இருந்ததா என்று தெரியவில்லை.

முக்காலி:
முன்னாலேயே இருந்திருக்கும், ஷார்ப்பன் அதையும் தூக்கிக் காட்டியிருக்கிறது. லென்ஸின் நிறப்பிறழ்ச்சி. ரா செயலியில் லென்ஸ் கரெக்‌ஷன் பகுதியில் ரிமூவ் குரோமாட்டிக் அபெரேஷன் டிக் போட்டு, மிச்சம் இருந்தால் அங்கேயே டீஃப்ரிஞ்ச் துளிப்பானை ஊதாவின்மேல் வைத்துக் கிளிக் செய்துவிட்டு, அப்புறம் போட்டோஷாப்புக்கு அனுப்புங்கள். அங்கே அந்த இரண்டு லேயரையும், அவற்றுக்கு அடியில் ஷார்ப்பன் செய்யாத அசலின் ஒரு நகலையும் ஒரு குழுவில் போட்டு, குழுவின் பிளெண்ட் மோடை லூமினாசிட்டி ஆக்கிவிட்டால் ஷார்ப்பன் வெளிச்சத்தை மட்டும் தொடும், நிறத்தை விட்டுவிடும். லேப் முறைக்கு மாற்றி எல் சேனலில் மட்டும் ஷார்ப்பன் செய்வார்கள், ஏறக்குறைய அதே பலன், மாற்றி மாற்றிப் போகும் அலைச்சல் மிச்சம்.

புதுவரவு_77:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும், என்னிடம் ரா கிடையாது, கைபேசியில் எடுத்த ஜேபெக் மட்டும்தான். அதற்கும் இதே எண்களா?

முக்காலி:
இல்லை. கைபேசி ஏற்கெனவே தாராளமாக ஷார்ப்பன் செய்துதான் கொடுக்கிறது, மரக்கிளையை வானத்துக்கு எதிரே பெரிதாக்கிப் பாருங்கள், வெள்ளைக் கோடு ஆயத்தமாக இருக்கும். அதன்மேல் இன்னொரு சுற்றுப் போட்டால் ஜேபெக் சுருக்கத்தின் 8க்கு 8 கட்டங்கள்தான் மேலே வரும். முதல் கட்டத்தை விட்டுவிடுங்கள், சுருக்கிய பிறகு கடைசிக் கட்டம் மட்டும், அதிலும் அமவுண்ட் 40–50. உங்கள் கேமரா செயலியில் ரா எடுக்கும் வசதி இருந்தால் ஒரே காட்சியை இரண்டு விதமாகவும் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம்.